திறந்த கோப்புகள், பூட்டிய அறைகள்

கோப்பு என்ற சொல்லை அலுவலகத்துக் காகிதக் கட்டுக்கும் கணினியில் சேமித்த தரவுக்கும் ஒன்றுபோலவே வழங்கிவருகிறோம். கோத்தல் என்னும் வினையின் அடியாகப் பிறந்த சொல் அது. ஓலைச்சுவடிகளோடு பழகியவர்களுக்கு அதன் பொருள் கண்ணெதிரே நிற்கும். ஏடுகளில் இட்ட துளைகளுள் ஒன்றில் நாராசம் எனப்படும் குச்சி. மற்றொன்றின் வழியே கயிறு. கயிற்றின் தலைப்பில் ஓலைத்துண்டாலான கிளிமூக்கு. சுவடியைப் படிக்கக் கயிற்றை அவிழ்க்க வேண்டும். படித்து முடித்தபின் அடுக்கு குலையாமல் மறுபடி கட்டவும் வேண்டும். அவிழ்த்தவரே கட்டுவதுதான் முறை. எந்த ஏட்டில் நிறுத்தினோம், எதை முன்பின்னாக வைத்தோம் என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

இந்த முறையைப் பற்றிய ஆகப் பெரிய கதை சிதம்பரத்தில் இருக்கிறது. உமாபதி சிவாசாரியார் இயற்றியதாகக் கருதப்படும் திருமுறை கண்ட புராணம் சொல்வது அது. தேவாரப் பதிகங்களைத் தேடிய சோழ மன்னன், திருநாரையூர் நம்பியாண்டார் நம்பி வாயிலாக அவை தில்லையில் ஓர் அறைக்குள் இருப்பதை அறிந்து வந்தான். மூவரின் கை அடையாளம் இட்டுக் காப்பிட்ட அறை அது. அம்மூவரே வந்தாலன்றித் திறப்பதற்கில்லை என்றார்கள் தில்லைவாழ் அந்தணர்கள். மன்னன் மூவரின் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து அறைவாயிலில் நிறுத்தினான். கதவு திறந்தது. உள்ளே ஏடுகளின் மேல் புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து எடுத்தபோது செல்லரித்தவை போக எஞ்சியவையே கிடைத்தன.

இதில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு புராணம் என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் வேலையன்று. என்னை ஈர்ப்பவை அதிலுள்ள மூன்று செய்திகள். பூட்டியவருக்கே திறக்கும் உரிமை உண்டு என்ற வாதம் ஒன்று. வரமுடியாதவருக்குப் பதிலாக ஓர் உருவம் வந்து நின்றால் போதும் என்ற ஏற்பாடு ஒன்று. நெடுங்காலம் யாரும் பாராமல் கிடந்ததற்குக் கொடுத்த விலை மற்றொன்று. இம்மூன்றையும் நான் மறுபடி சந்தித்தது எந்தக் கோயிலிலும் அல்ல. வணிக நிறுவனங்களில் கணக்கு எழுதும் ஒரு கணினியின் வரலாற்றில்.

தமிழ் வாசகர்களுக்குக் கணினி பெரும்பாலும் சுஜாதாவின் வழியாகவே அறிமுகமாயிற்று. பின்னால் மென்பொருள்துறை மனிதர்களை இரா. முருகனின் 'மூன்று விரல்' நாவலில் பார்த்தோம். மேசைக் கணினியும் இணையமும் நம் எழுத்தில் தாராளமாக இடம்பெற்றுவிட்டன. ஆனால் பேரியந்திரத்துக்கும் மேசைக் கணினிக்கும் நடுவே ஒரு வகை உண்டு. பண்டகசாலை, மருந்து விநியோகம், காப்பீடு, நடுத்தர வங்கி என்று ஆரவாரமில்லாத இடங்களில் பச்சை எழுத்துத் திரையோடு பல்லாண்டு ஓடிய அந்த வகைக்கு நம் எழுத்தில் இடம் கிடைத்ததாகத் தெரியவில்லை. சென்னையில் ஆயிரக்கணக்கானோருக்குச் சோறு போட்டது அது என்பதால் இந்த மௌனம் சற்று வியப்பானதே.

அதன் பிறந்தகம் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் இருந்த ஐ.பி.எம். ஆய்வகம். 1969இல் அங்கிருந்து சிஸ்டம்/3 வந்தது. 1978 அக்டோபரில் சிஸ்டம்/38 அறிவிக்கப்பட்டது. 1988 ஜூன் 21 அன்று ஏ.எஸ்/400 வெளியாயிற்று. 2000இல் ஐ-சீரிஸ், 2006இல் சிஸ்டம் ஐ, 2008இல் இயங்குதளத்துக்கு ஐ.பி.எம். ஐ என்று பெயர்கள் மாறிக்கொண்டே வந்தன. பழகியவர்கள் மட்டும் இன்றும் ஏ.எஸ்/400 என்றே அழைக்கிறார்கள். வடஆர்க்காட்டை அம்பேத்கர் மாவட்டம் என்று மாற்றிய பிறகும் பேருந்து நிலையத்தில் வேலூர் என்றே கூவியதைப் போல.

இங்கே ஒரு தேதிப் பொருத்தத்தைக் கவனிக்க வேண்டும். 1973இன் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், அந்நிய நிறுவனங்கள் தம் பங்கை 40 விழுக்காட்டுக்குக் குறைக்கவேண்டும் என்றது. ஐ.பி.எம். அதற்கு உடன்படவில்லை, 1978இல் இந்தியாவை விட்டு வெளியேறியது. டாட்டாவோடு கூட்டாக அது திரும்பி வந்தது 1992இல். ஆகவே சிஸ்டம்/38 பிறந்து, வளர்ந்து, ஏ.எஸ்/400 ஆகி, உலகச் சந்தையைப் பிடித்த அந்தப் பதினான்கு ஆண்டுகளும் அதைச் செய்த நிறுவனம் நம் நாட்டில் இல்லை. அதற்கு முந்தைய தலைமுறையைத் தமிழ்நாடு அறியும். பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை போன்ற இடங்களில் 1960களில் ஐ.பி.எம். 1401 கணினிகள் துளை அட்டைகளை விழுங்கிக்கொண்டிருந்தன. நடுவில் ஒரு தலைமுறை மொத்தமாக விடுபட்டுப்போயிற்று. பிற்பாடு நம்மவர்கள் அந்த இயந்திரத்தை ஏற்றபோது, அதன் பழக்கவழக்கங்கள் உருவான காலத்தை அவர்கள் கண்டிருக்கவில்லை. பிறர் வீட்டுப் பரணையில் ஏறிப் பார்ப்பவர்களின் நிலைதான்.

பழக்கவழக்கம் என்று சொன்னதை விளக்க வேண்டும்.

1401க்காக 1959இல் உருவான மொழிகளுள் ஒன்று ஆர்.பி.ஜி. பெயரே சொல்வதுபோல அறிக்கை தயாரிப்பதற்கான மொழி. அதற்கென்று ஒரு சுழற்சி உண்டு. ஓர் அட்டையைப் படி, கணக்கிடு, அச்சிடு, அடுத்த அட்டை. நிரலர் இதைத் தனியே எழுத வேண்டாம், மொழியே செய்துகொள்ளும். கடைசி அட்டை போனதும் எல்.ஆர். என்னும் ஒரு குறி தானாக எரியும். கடைசிப் பதிவு என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. அது எரிந்தால் மொத்தக் கூட்டுத்தொகை அச்சாகும், கோப்புகள் மூடப்படும், நிரல் முடியும். அட்டைக் கட்டு தீர்ந்தால் வேலை தீர்ந்தது. இதைவிடத் தெளிவான முடிவு வேறில்லை.

பிறகு திரை வந்தது. திரைக்கு முன்னால் ஒருவர் காலை முதல் மாலை வரை உட்கார்ந்திருக்கிறார். வாடிக்கையாளர் எண்ணை இடுகிறார், விவரம் பார்க்கிறார், அடுத்த எண்ணை இடுகிறார். இங்கே கடைசி அட்டை எது? அப்படி ஒன்று இல்லை. ஆகவே முன்பு தானாக எரிந்த குறியை இப்போது நிரலர் தன் கையால் ஏற்ற வேண்டியதாயிற்று: என் வேலை முடிந்தது, கோப்புகளை மூடு, நினைவிலுள்ளதை அழி என்று. ஒரு பௌதிக நிகழ்வு மனிதனின் தீர்மானமாக மாறிய இடம் இது. வணிகக் கணினி வரலாற்றில் இந்த மாற்றத்தைப் பெரிதாக யாரும் கொண்டாடுவதில்லை. ஆனால் பின்னால் வந்த தொல்லைகளில் பாதி இதிலிருந்து கிளைத்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

தீர்மானம் மனிதனிடம் வந்ததும் சிக்கனமும் கூடவே வந்தது. இந்த இயந்திரத்தில் ஒரு கோப்பைத் திறப்பது செலவு பிடித்த காரியம். கோப்பு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். திறப்பவருக்கு உரிமை உண்டா என்று பார்க்க வேண்டும். எந்த வரிசையில் படிப்பது, எந்தப் பதிவில் நிற்பது என்பதையெல்லாம் குறித்துவைக்க ஒரு தடத்தை அமைக்க வேண்டும். திறந்த தரவுப் பாதை என்று அதற்குப் பெயர். சுவடியில் நாம் விரல் வைத்து நிறுத்தும் இடத்தைப் போன்றது. ஒரு நாளில் ஐந்நூறு முறை அழைக்கப்படும் விலை கணிக்கும் நிரல், ஐந்நூறு முறையும் கோப்பைத் திறந்து மூடினால் திரைக்கு முன்னால் இருப்பவர் பொறுமை இழப்பார். எனவே கெட்டிக்கார நிரலர்கள் எல்.ஆர். குறியை ஏற்றாமலேயே திரும்பினார்கள். கோப்பு திறந்தபடி இருக்கும். அடுத்த அழைப்பு நொடிப்பொழுதில் முடியும்.

இந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு மறுபக்கம் உண்டு. எல்.ஆர். இன்றித் திரும்பிய நிரல் தூங்குகிறதே தவிர இறக்கவில்லை. கோப்பு மட்டுமல்ல, மாறிகளில் இருந்த மதிப்புகளும் அப்படியே கிடக்கின்றன. முதல் வாடிக்கையாளருக்குக் கூட்டிய தொகையைப் பூச்சியமாக்க மறந்தால், இரண்டாமவரின் தொகை அதன் மேல் ஏறும். சோதிக்கும்போது ஒருமுறை மட்டும் ஓட்டிப் பார்த்தவருக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். பிழை இரண்டாவது அழைப்பில்தான் பிறக்கிறது.

அதைவிட நுட்பமான ஒன்று, ஒரே பாதையைப் பல நிரல்கள் பகிர்வது. கோப்புக்குப் பகிர்வு அனுமதி கொடுத்திருந்தால், ஒரே பணிக்குள் ஓடும் இரண்டு நிரல்கள் ஒரே திறந்த பாதையைப் பயன்படுத்தலாம். வேகம் கூடும். ஆனால் விரல் ஒன்றுதானே? முதல் நிரல் ஐந்தாம் பதிவில் நின்றுகொண்டு இரண்டாவதை அழைக்கிறது. இரண்டாவது தொண்ணூறாம் பதிவைத் தேடிப் படித்துவிட்டுத் திரும்புகிறது. முதல் நிரல் அடுத்ததைக் கொடு என்கிறது. வருவது ஆறு அல்ல, தொண்ணூற்றொன்று. இடையிலுள்ள எண்பத்தைந்து பதிவுகள் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் விடுபட்டுப்போகும். சுவடியை அவிழ்த்தவர் ஒருவர், நடுவில் புரட்டியவர் இன்னொருவர்.

இவற்றையெல்லாம் தாங்கியது பணி என்னும் ஏற்பாடு. இந்தக் கணினியில் ஒருவர் காலையில் தம் பெயரும் கடவுச்சொல்லும் தந்து உள்ளே வந்தால், வெளியேறும்வரை அது ஒரே பணி. அவர் திறந்தவை எல்லாம் அந்தப் பணியின் கணக்கில் நிற்கும். பணி முடிந்தால் இயந்திரமே அனைத்தையும் மூடிவிடும். நடுவில் குப்பை சேர்ந்தால் பெருக்குவதற்கு ரீக்ளெய்ம் ரிசோர்சஸ் என்றொரு ஆணை உண்டு. யாரோ திறந்து, மூடாமல் முடிந்துபோனவற்றை அது கூட்டி அள்ளும். பெரிய ஹாலில் எல்லாருடைய காகிதங்களும் கலந்து கிடக்க, மாலையில் ஒருவர் வந்து ஆளில்லாத மேசைகளைத் துடைத்துவிட்டுப் போவதைப் போன்ற நிர்வாகம். 1980கள் முழுக்க இது போதுமானதாக இருந்தது.

போதாமல்போனது 1990களின் தொடக்கத்தில். சி மொழியில் எழுதப்பட்ட மென்பொருள்களை இந்த இயந்திரத்துக்குக் கொண்டுவர விரும்பினார்கள். சி மொழிக்காரர்கள் சிறுசிறு செயல்களாகப் பிரித்து எழுதுகிறவர்கள். ஒன்றையொன்று ஆயிரக்கணக்கில் அழைக்கும். பழைய முறையில் நிரலிலிருந்து நிரலை அழைப்பது அவ்வளவு மலிவானதன்று. மேலும் வெளியிலிருந்து வாங்கிய ஒரு மென்பொருளும் நிறுவனத்தின் சொந்த நிரல்களும் ஒரே ஹாலில் ஓடும்போது, ஒன்றின் பெருக்கும் ஆணை மற்றொன்றின் திறந்த கோப்புகளையும் மூடிவிடக்கூடும். வெவ்வேறு குடித்தனங்களுக்கு ஒரே முற்றம் என்பது எத்தனை நாள் ஓடும்?

விடையாக வந்தது ஒருங்கிணைந்த மொழிச் சூழல் என்னும் ஐ.எல்.இ. 1993இல் சி மொழிக்கும் 1994இல் ஆர்.பி.ஜி.யின் நான்காம் வடிவத்துக்கும் கிடைத்தது. அதன் நடுநாயகம் ஆக்டிவேஷன் குரூப். பணி என்ற ஹாலுக்குள் தடுப்புச் சுவர் எழுப்பிக் கட்டிய அறைகள் என்று அதைச் சொல்லலாம். ஒரு நிரலின் மாறிகள், அது திறந்த கோப்புகள், அது செய்த தற்காலிக மாற்றங்கள் அனைத்தும் அந்த அறைக்குள் அடங்கும். அறையை இடித்தால் உள்ளே இருந்தவை ஒட்டுமொத்தமாக மூடப்படும். அடுத்த அறைக்கு ஒன்றும் தெரியாது. யார் திறந்தார் என்ற கேள்விக்கு, இன்ன அறை என்று விடை சொல்ல முதன்முறையாக வழி பிறந்தது.

நல்ல கட்டடக் கலைதான். ஆனால் பழைய ஹாலை என்ன செய்வது? 1979 முதல் எழுதிக் குவித்த நிரல்கள் அங்கே ஓடிக்கொண்டிருந்தன; அவற்றில் பல, மூடாமல் திரும்பும் பழக்கத்தை நம்பியே எழுதப்பட்டவை. வாடிக்கையாளரின் பழைய நிரலை உடைக்கக்கூடாது என்பது ராச்செஸ்டர்காரர்களின் குலதர்மம். எனவே ஹாலை அப்படியே விட்டு, அதற்கும் இயல்பான ஆக்டிவேஷன் குரூப் என்று பெயர் வைத்தார்கள். பணி தொடங்கும்போதே அது பிறக்கும். பணி முடியும்வரை அதை யாராலும் இடிக்க முடியாது. புதிய அறைகள் அதைச் சுற்றி எழும்பின.

புதியவற்றிலும் மூன்று விதம். பெயரிட்ட அறை: முதல் அழைப்பில் உருவாகும், நிரல் திரும்பிய பிறகும் நிற்கும், நாமாக இடிக்கும்வரை கோப்புகள் திறந்தபடி இருக்கும். ஒவ்வொரு அழைப்புக்கும் புதிய அறை: மிகத் தூய்மையானது, நிரல் திரும்பியதும் தடயமின்றி இடிந்துவிடும், ஆயிரம் முறை அழைத்தால் ஆயிரம் முறை கட்டி இடிக்க வேண்டும், இயந்திரம் முனகும். மூன்றாவது, அழைத்தவரின் அறையிலேயே உட்கார்வது. இது அடக்கமான விருந்தாளியின் குணம் போலத் தோன்றும். ஆனால் அழைத்தவர் பழைய ஹாலில் இருந்தால் விருந்தாளியும் அங்கேயே உட்கார்ந்துவிடுவார். பணி முடியும்வரை எழுப்ப முடியாது. இந்த மூன்றாவது விதத்தால் வந்த வழக்குகளே அதிகம் என்பது இத்துறையில் இருப்பவர்கள் ஒப்புக்கொள்ளும் செய்தி.

பழைய பெருக்கும் ஆணையின் கதியையும் சொல்ல வேண்டும். அது ஹாலை மட்டுமே பெருக்கும். பெயரிட்ட அறைகளுக்குள் அதற்கு அதிகாரமில்லை. அவற்றுக்குத் தனி ஆணை வேண்டும். அதுவும் அறைக்குள் யாரும் வேலை செய்துகொண்டிருக்காதபோதே செல்லும். இருபது ஆண்டுப் பழக்கத்தில் பழைய ஆணையை நிரலின் கடைசி வரியாக எழுதிவந்தவர், அது ஒன்றும் செய்யவில்லை என்பதை நெடுநாள் அறியாமலே இருக்கலாம். ஆணை பிழை காட்டாது. பெருக்குவதற்கு ஹாலில் ஒன்றுமில்லை, அவ்வளவுதான்.

இதில் ஓர் இடம் மட்டும் விரிவாகச் சொல்லத்தக்கது. எந்தக் கோப்பைப் படிப்பது என்பதை நிரலைத் தொடாமலே மாற்றிவிட இந்த இயந்திரத்தில் ஒரு வசதி உண்டு. ஒரே விற்பனைக் கோப்புக்குள் மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு உறுப்புகள் வைத்திருக்கும் ஒரு பண்டகசாலையைக் கற்பனை செய்துகொள்வோம். சிறு கட்டளை நிரல் ஒன்று, விற்பனைக் கோப்பு என்று யார் கேட்டாலும் மார்ச்சைக் கொடு என்று சொல்லிவிட்டு அறிக்கை நிரலை அழைக்கும். பழைய ஹாலில் இந்த ஆணையின் ஆயுள், அதைச் சொன்ன நிரல் திரும்பும்வரை. சொன்னவர் போனால் சொல்லும் போயிற்று.

அதே கட்டளை நிரலை, ஓர் எழுத்தும் மாற்றாமல், பெயரிட்ட அறையில் ஓடும்படி மறுபடி தொகுத்தால் என்ன ஆகும்? ஆணையின் ஆயுள் இப்போது அறையின் ஆயுள். சொன்னவர் போனபின்னும் சொல் நிற்கும். பிற்பகலில் அதே பணியில், அதே அறையில், வேறொரு நிரல் இயல்பான விற்பனைக் கோப்பைக் கேட்கிறது. அதற்குக் கிடைப்பது மார்ச். மாறாக, அறிக்கை நிரல் மட்டும் பழைய ஹாலில் இருந்துவிட்டால் சிக்கல் தலைகீழாகும்: ஓர் அறையின் ஆணை அடுத்த அறையில் செல்லாது என்பதால், மார்ச் கேட்டவருக்குக் கோப்பின் முதல் உறுப்பு கிடைக்கும். இரண்டிலும் அறிக்கை அழகாகவே அச்சாகும். எண்கள் மட்டும் வேறு மாதத்தினுடையவை. அதை நம்பி ஒருவர் கொள்முதல் செய்வார். இன்னொருவர் வரி கட்டுவார். கணினி நின்றுபோனால் எல்லாரும் ஓடிவருகிறார்கள். நில்லாமல் தவறாகச் சொன்னால் யார் வருவது?

இந்த நிலையில்தான் நம்மவர்கள் உள்ளே வருகிறார்கள். 1990களின் பிற்பாதியில், 2000ஆம் ஆண்டுச் சிக்கலைத் தீர்க்க அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்கள் தம் பழைய நிரல்களைச் சென்னைக்கும் பெங்களூருக்கும் அனுப்பின. ஆண்டுக்கு இரண்டே இலக்கம் ஒதுக்கியிருந்த கோப்புகளைத் தேடித் திருத்துவது வேலை. ஆள் தேவைப்பட்டது. பொறியியல் கல்லூரிப் பாடங்களில் ஃபோர்ட்ரானும் பாஸ்கலும் சி-யும் இருந்தன, ஆர்.பி.ஜி. அநேகமாக இல்லை. 1945 முதல் பொறியியல் கற்பித்துவரும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியலோ கட்டடவியலோ படித்துவிட்டு, சிதம்பரத்தில் ரயிலேறி, சென்னையில் சில மாதப் பயிற்சியில் ஏ.எஸ்/400 கற்று வேலைக்குச் சேர்ந்தவர்கள் உண்டு. கடலூர், நெய்வேலி, விருத்தாசலம் பக்கத்து வீடுகளில் அக்காலத்தில் அந்தப் பெயர் ஒரு கல்யாணத் தகுதியாகவே புழங்கியது.

அவர்கள் கையில் வந்தது மூல நிரல். வராதது, அது ஏன் அப்படி எழுதப்பட்டது என்பது. 1983இல் ஒருவர் ஒரு கோப்பை மூடாமல் விட்டதற்குக் காரணம் இருந்திருக்கும். அன்றைய இயந்திரத்தின் வேகம், அன்றைய மேலாளரின் அவசரம். அவர் ஓய்வு பெற்றுவிட்டார். எழுதிவைக்கவில்லை. தேதியைத் திருத்தப்போன இளைஞர், நிரலின் இறுதியில் எல்.ஆர். இல்லாததைக் கண்டு, மறதி என்று எண்ணி ஒழுங்காகச் சேர்த்துவிட்டால், அதுவரை நொடியில் முடிந்த திரை நிமிடக்கணக்கில் தவிக்கும். இருப்பதை நீக்கிவிட்டால், பழைய தொகைகள் எழுந்து வரும். ஒழுங்கின்மைபோலத் தெரிவதில் எது மறதி, எது ஏற்பாடு என்று பிரித்தறிவதே அந்த வேலையின் உண்மையான கடினம். ஏடு பரிசோதித்துப் பதிப்பித்தவர்களுக்கு இது புதிதாக இராது. பிரதிசெய்தவன் பிழையா, புலவன் வழக்கா என்று திகைத்து நின்றவர்கள் அவர்கள். ஆனால் அவர்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்க வேறு சுவடிகள் இருந்தன.

அமெரிக்கக் கிழக்குக் கரையில் நள்ளிரவு என்றால் சென்னையில் காலை ஒன்பதரை அல்லது பத்தரை. நாள்முடிவுக் கணக்கு ஓடும் நேரம் அதுவே. பெரிய கோப்புகளைப் படியெடுத்துக் காலி செய்ய வேண்டும். அதற்குக் கோப்பு முழுவதுமாக ஒருவர் வசம் வர வேண்டும். வராது. அங்கே யாரோ ஒரு குமாஸ்தா மாலையில் திரையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். அவருடைய பணி உயிரோடு இருக்கிறது. அதற்குள் ஏதோ ஓர் அறையில் கோப்பு திறந்திருக்கிறது. "சார், ஃபைல் லாக் ஆகியிருக்கு, யாரோ ஸைன் ஆஃப் பண்ணாமப் போயிட்டாங்க" என்னும் வாக்கியம் சென்னை அலுவலகங்களின் காலை வணக்கமாகவே இருந்தது. யார் பிடித்திருக்கிறார் என்பதை இயந்திரம் பெயரோடு காட்டும். ஆனால் பணியை வலிந்து முடிக்கலாமா? அவர் பாதியில் விட்ட பதிவு என்ன ஆகும்? கடல்கடந்து உறங்கும் ஒருவரை எழுப்ப அதிகாரமில்லாதவர்கள், அவர் கட்டாமல் போன சுவடியைக் கட்டுவதற்கு இன்னொருவரின் அனுமதிக்காகக் காத்திருந்தார்கள்.

மன்னன் கொண்டுவந்து நிறுத்திய திருவுருவங்களுக்கும் இங்கே ஒரு நிகர் உண்டு. கோப்பைத் தொட உரிமையில்லாத ஒருவர் ஒரு நிரலை ஓட்டும்போது, அந்த நிரல் தன் உரிமையாளரின் அதிகாரத்தைத் தற்காலிகமாக ஏற்றுக்கொண்டு கோப்பைத் திறக்கலாம். உரிமையாளர் நேரில் வரவேண்டியதில்லை. அவர் பெயர் நின்றால் போதும். அழகான ஏற்பாடு. இதில் கவனிக்க வேண்டியது, உரிமை சரிபார்க்கப்படுவது திறக்கும் நேரத்தில் என்பது. காலையில் திறந்தவரின் உரிமையைப் பத்து மணிக்குப் பறித்தாலும், திறந்த கோப்பு மூடப்படும்வரை அவர் படித்துக்கொண்டிருக்கலாம். மூடுவது வெறும் ஒழுங்கு அல்ல, பாதுகாப்பு என்று பலர் உணர்ந்தது இங்கே.

செல்லரித்த கதை 1995இல் நடந்தது. அவ்வாண்டு ஏ.எஸ்/400 தன் மையச் செயலியை 48 இலக்க முகவரி கொண்ட பழைய வகையிலிருந்து 64 இலக்க பவர்-பிசி வகைக்கு மாற்றிக்கொண்டது. தலைமை வடிவமைப்பாளர் ஃபிராங்க் சோல்டிஸ் முதலானோர் சிஸ்டம்/38 காலத்திலேயே இதற்கு வழி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு நிரலும் எந்தச் செயலியையும் சாராத ஓர் இடைநிலை வடிவத்தைத் தன்னுள்ளே சுமந்துகொண்டிருக்கும். புதிய இயந்திரத்தில் ஏற்றினால் அதிலிருந்து தன்னைத் தானே மறுபடி ஆக்கிக்கொள்ளும். மூல நிரல்கூட வேண்டியதில்லை. அந்தக் கருவிலிருந்து இலட்சக்கணக்கான நிரல்கள் புது உடல் எடுத்தன. ஆனால் வட்டில் இடம் விலையுயர்ந்திருந்த காலத்தில், மிச்சம் பிடிப்பதற்காக அந்தக் கருவை நீக்கிவிட்டவர்கள் இருந்தார்கள். தம் நிரல்களைப் பிறர் பிரித்துப் பார்க்கக்கூடாதென்று நீக்கி விற்ற நிறுவனங்களும் இருந்தன. மூலமும் தொலைந்து, கருவும் இல்லாத நிரல்கள் பழைய இயந்திரத்தோடு நின்றுபோயின. 2008இல் ஆறாம் பதிப்பு வந்தபோது இதே சோதனை மறுபடி நடந்தது.

இதில் யாரைக் குறை சொல்வது என்பதில் எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. ராச்செஸ்டர்காரர்கள் ஹாலை இடிக்காமல் விட்டது சரியே. இடித்திருந்தால் ஏ.எஸ்/400 என்ற ஒன்று இன்றுவரை வந்திராது. ஆனால் இடிக்காத ஹாலையே புதிதாக வருகிறவருக்கும் முதல் வாசலாக வைத்தது அவ்வளவு சரியென்று தோன்றவில்லை. ஆர்.பி.ஜி. நிரலைத் தொகுக்கும் ஆணையில் ஒன்றும் குறிப்பிடாவிட்டால், நிரல் போய் உட்காருமிடம் இயல்பான ஆக்டிவேஷன் குரூப். 1994இல் அப்படி வைத்ததற்குக் காரணம் இருந்தது, பழையவர்கள் தடுமாறக்கூடாது. அந்தப் பழையவர்களில் பெரும்பாலோர் இன்று வேலையில் இல்லை.

2025இல் ஐ.பி.எம். ஐ-யின் 7.6 பதிப்பு வந்துவிட்டது. ஆர்.பி.ஜி. மொழி அட்டைக் காலத்துப் பத்திக் கட்டுப்பாடுகளை உதறிவிட்டு, மற்ற மொழிகளைப் போலச் சரளமாக எழுதும்படி மாறிவிட்டது. சென்னையில் இப்போதும் அதைக் கற்றுக்கொடுக்கிறார்கள். கற்பவர்கள் 1978க்கு இருபது, இருபத்தைந்து ஆண்டு கழித்துப் பிறந்தவர்கள். முதல் வாரப் பாடத்தில், நிரலின் தலைப்பில் பழைய ஹால் வேண்டாம் என்று ஒரு வரி எழுதச் சொல்கிறார்கள். எதற்கென்று கேட்டால், எப்போதும் எழுதுவது, எழுதிவிடு என்பார் பயிற்றுநர். ஆணையின் இயல்புநிலை இன்றும் 1994இல் இருந்தபடியே இருக்கிறது.